சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது

ஜூன் 3

தம்பிக்கு,

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே, ஆள் மாறி வரவில்லை. நான்தான் எழுதுகிறேன். பலகை ஏற்றிவரும் லாரிக்காரர் உன் விலாசத்தைக் கொடுத்தார். துறைமுகத்துப் பட்டறையில் உன்னைப் பார்த்தாராம். "உங்க ஜாடையிலயே ஒருத்தர் இருந்தாரு, ஆனா தலை பாதி நரைச்சிருந்துச்சு" என்றார். முப்பத்திரண்டு வயதில் உனக்கு எதற்கு நரை என்று கேட்க இதை எழுதவில்லை. சமாதானம் பேசவும் எழுதவில்லை. ஒரு வேலை ஆக வேண்டும், அதற்கு உன்னை விட்டால் ஆளில்லை.

அத்தானின் தச்சுப் பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். சிரிக்காதே. அவர் கைக்கட்டைப் பிரித்த பிறகு ஒரு வருஷம் இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் இடது கையால் கோடு போட்டுக் கொடுக்க, நான் கைரம்பத்தால் அறுக்கத் தொடங்கினேன். அலமாரி, ஜன்னல் சட்டம் வரைக்கும் வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து செப்டம்பர் முடிவதற்குள் நாற்பது முக்காலி கேட்டிருக்கிறார்கள். பெயர்தான் முக்காலி, நாலு கால் வேண்டுமாம். நூற்றறுபது காலைக் கையால் அறுத்தால் கடைசியில் எனக்கே ஒரு முக்காலி போட்டு ஆஸ்பத்திரியில் உட்கார வைக்க வேண்டியதுதான்.

அதனால் ரம்பத்தை ஓட்டும் அந்தச் சின்னப் பெட்ரோல் எஞ்சினின் மேல் கிடந்த படுதாவை எடுத்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு. பதினோராவது இழுப்பில் கிளம்பியது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, புல்லிக்குப் பின்னாலிருந்து எண்ணெய் கசிந்து பெல்ட்டில் இறங்கியது. அதே இடம். விபத்துக்கு முந்தின நாள் நீ மாற்றிவிட்டுப் போன ஆயில் சீல், எண்ணெயை வெளியே விடாமல் அடைக்கிற அந்த வளையம். மறுநாள் காலையில் அதே எண்ணெயில் பெல்ட் வழுக்கி, எஞ்சினை நிறுத்தாமலே அவர் அதைக் கையால் இழுத்து மாட்டப் போய்த்தான் மூன்று விரலை இழந்தார். உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

எஞ்சினைத் திறக்கப் போகிறேன் என்று சொன்னதும் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "அதைத் தொடாதே. பழைய இரும்புக்குப் போட்டுடு" என்கிறார். பாவம், பயம்.

சீலை மாற்றுவது எப்படி என்று எழுது. நீ செய்தது போல இல்லாமல், சரியாக.

அக்கா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. பக்கத்தில் வேறு மெக்கானிக் இருப்பார், கூப்பிடு. நான் இப்போது எஞ்சினைத் தொடுவதில்லை. இங்கே ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். நானாகக் கேட்டு வாங்கிய வேலை. சேரும்போதே ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டேன், என்னால் ஒருத்தருக்குக் கை போயிருக்கிறது, எனக்கு ஸ்பேனர் கொடுக்காதீர்கள் என்று.

புது சீல் வாங்க வேண்டுமென்றால், பழைய சீலின் மேல் மூன்று எண்கள் பதிந்திருக்கும், உள் அளவு, வெளி அளவு, தடிமன். கடையில் அதைச் சொன்னால் போதும்.

அத்தான் சொல்வதுபோல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதும் நல்லதுதான்.

தம்பி

*

ஜூன் 23

தம்பிக்கு,

அத்தானும் நீயும் சேர்ந்து ஒரே பாட்டுப் பாடுகிறீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், எஞ்சினைச் சுற்றி ஒரு முறை நடந்தார், "இதுக்குப் புதுசே வாங்கிடலாம்மா" என்றார். கை வைக்கவில்லை. இரும்புக் கடைக்காரரோடு அவருக்கு என்ன பங்கோ!

சரி போ என்று நானே ஆரம்பித்துவிட்டேன். பெட்ரோலை வடித்தேன். பெல்ட்டைக் கழற்றினேன். புல்லிதான் அசையமாட்டேன் என்றது. இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, மூன்று கால் உள்ள அந்த இழுப்பானை இரவல் வாங்கி மாட்டி, போல்ட்டை முறுக்கினேன். பட்டென்று சத்தம். புல்லி மாட்டியிருக்கும் தண்டே உடைந்துவிட்டது என்று நினைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புல்லிதான் வந்திருந்தது. சாவி போன்ற ஒரு சின்ன இரும்புத் துண்டு உருண்டு ஓடியது, தேடி எடுத்துச் சீசாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது சீல் கண்ணெதிரே இருக்கிறது. கறுப்பு வளையம், சுற்றிலும் எண்ணெயும் மரத்தூளும் அப்பி, அப்பம் மாதிரி.

பாதியில் விடுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். ஸ்பேனரைத் தொடமாட்டாய், சரி. பேனாவைத் தொடலாம் இல்லையா? அத்தான் பட்டறைப் பக்கமே வருவதில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து நான் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு நாளாகப் பேச்சும் குறைந்துவிட்டது.

அக்கா

*

ஜூலை 2

அக்காவுக்கு,

எழுதுகிறேன். மெதுவாகப் படி, இரண்டு தடவை படி. இங்கே எனக்கு 'இன்னொரு தடவை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் எண்ணை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

முதலில் தூரிகையும் மண்ணெண்ணெயும் வைத்துச் சுற்றிலும் சுத்தம் செய். ஒரு தூசிகூட உள்ளே போகக் கூடாது. பழைய சீலின் இரும்பு முகத்தில், தண்டிலிருந்து தள்ளி, சின்னதாக ஒரு துளை போடு. ஆழமாக இறக்காதே. அதில் ஒரு திருகாணியைத் திருகி, குறடால் பிடித்து நேராக இழு. எதிர்ப் பக்கமும் அப்படியே. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதே. தண்டில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும்.

புது சீலுக்கு ஒரு பக்கம் மென்மையான உதடு இருக்கும், அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங். அந்தப் பக்கம் உள்ளே, எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். எண் பதிந்த பக்கம் வெளியே, உன்னைப் பார்த்து. நீ சீசாவில் போட்டாயே, அந்தச் சாவித் துண்டு உட்கார தண்டில் இருக்கும் பள்ளத்தின் விளிம்பு கத்திபோல் இருக்கும், அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டு சீலை ஏற்று. உதட்டில் எண்ணெய் தடவு. அதே அகலமுள்ள குழாய்த் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டு. விளிம்போடு சமமானதும் நிறுத்து.

ஒன்று கேட்கிறேன். பழைய சீலைப் பிடுங்குவதற்கு முன்னால், அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பார்த்து எழுது.

அன்றைக்கு நான் அவசரத்தில் இருந்தேன். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குழாயை வைத்துத் தட்டியது நினைவிருக்கிறது. நடுவில் யாரோ போன் என்று கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன். வந்து விட்ட இடத்திலிருந்து தட்டினேனா, எடுத்துத் திருப்பி வைத்தேனா, உதட்டில் எண்ணெய் தடவினேனா, ஒன்றும் நினைவில்லை. மூன்று வருஷமாக அந்த அரை மணி நேரத்தைத் தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு நாள் சரியாகப் போடுகிறேன். ஒரு நாள் தலைகீழாகப் போடுகிறேன்.

எதுவாக இருந்தாலும் எழுது. எனக்காக மாற்றி எழுதாதே.

தம்பி

*

ஜூலை 12

தம்பிக்கு,

நீ சொன்னபடியே பிடுங்கினேன். அதற்கு முன் நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

எண் பதிந்த பக்கம் வெளியே இருந்தது. உதடும் ஸ்பிரிங்கும் உள்ளே, எண்ணெயைப் பார்த்து. உதடு கிழியவில்லை, வெட்டில்லை, விரலால் தடவினால் வழவழவென்றுதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் பூதக்கண்ணாடி வாங்கிக்கூடப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. சீல் சமமாக உட்கார்ந்திருக்கவில்லை. கீழ்ப் பக்கம் அரை விரல் அகலத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது, யாரோ உள்ளேயிருந்து கட்டை விரலால் தள்ளினதுபோல. நீ கோணலாகத் தட்டினாயா? கோணலாகத் தட்டினாலும் அது தப்புதானே?

நீ தலைகீழாகப் போட்டிருப்பாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஏன் என்று தெரியவில்லை.

புது சீல் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் போடவில்லை.

அக்கா

*

ஜூலை 20

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக ஃபோர்மேனிடம் போனேன். அவர் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "உள்ள இருந்து தள்ளியிருக்குன்னா, காத்து எங்கப்பா போகும்?"

புது சீலைப் போடாதே. நிறுத்து.

கேள். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது எஞ்சின் வயிற்றுக்குள் காற்று சேரும். அது வெளியே போக ஒரு மூச்சுக்குழாய் வைத்திருப்பார்கள், நாங்கள் பிரீதர் என்போம். கார்பரேட்டருக்குப் பக்கத்தில், பக்கவாட்டு மூடியிலிருந்து சுண்டு விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் கீழ்நோக்கித் தொங்கும். அது அடைத்தால் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. இருப்பதிலேயே இளகினது எதுவோ அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதாவது சீலை. எவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாலும் தள்ளும்.

அந்தக் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊது. காற்று போகிறதா, இல்லையா? அடைத்திருந்தால் எதனால் என்று பார். குளவி கூடு கட்டியிருக்கலாம். அழுக்காக இருக்கலாம்.

உடனே எழுது. தயவுசெய்து.

தம்பி

*

ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

நாலு வாரம் ஆகிவிட்டது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார்.

உடம்பு சரியில்லையா? அத்தானுக்கு ஏதாவதா? இல்லை, குழாயில் காற்று நன்றாகப் போகிறதா? அப்படி இருந்து, என் மனம் நோகக்கூடாது என்று பேசாமல் இருக்கிறாயானால், அது வேண்டாம். மூன்று வருஷம் முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் பார்க்க, "அந்தக் கை உன்னோடதா இருந்திருக்கணும்டா" என்று சொன்னவள் நீ. இப்போது என்ன புதிதாகத் தயக்கம்?

கோணலாகத் தட்டினேன் என்றால் தட்டினேன். எழுது.

தம்பி

*

ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றைக்கே குழாயைக் கழற்றிவிட்டேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்தது என் தப்பு. ஆறு கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன்.

குளவி இல்லை. அழுக்கும் இல்லை. குழாயின் வாயில் ஒரு மர முளை. சுண்டு விரல் நீளம், நுனி கூம்பி, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தது. அத்தான் வழக்கமாகச் செய்கிற மாதிரி தலையில் ஓரம் மழித்திருந்தது. எந்த முளையையும் ஓரம் மழிக்காமல் அவர் கையிலிருந்து விட்டதில்லை. வேறு யாரும் ஒரு அடைப்புக் கட்டைக்கு இவ்வளவு மெனக்கெடமாட்டார்கள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அதை அவர் எதிரில் மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எப்ப வெச்சீங்க?" என்றேன்.

"அவன் சீல் மாத்துறதுக்கு ஒரு வாரம் முந்தி. அந்தக் குழாயிலேருந்து எண்ணெய்ப் புகை அடிச்சு, இழைச்சு வெச்ச கதவுல எல்லாம் புள்ளி புள்ளியா விழுந்துச்சு. அடைச்சா நின்னுடும்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

முளையை இடது கையால் உருட்டிப் பார்த்தார். பிறகு, "ஆஸ்பத்திரியில தெரியும்" என்றார். "படுத்துக்கிட்டு யோசிச்சப்போ ஒவ்வொண்ணா வெளங்கிச்சு. ஆனா அதுக்குள்ள நீ அவனை வெரட்டிட்டே."

"சொல்லியிருக்கலாமே."

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அந்த நாளைக்கும் போயிடுச்சு. நீ அவனைத் திட்டித் திட்டி எனக்குச் சோறு ஊட்டுனே. நான் சொல்லியிருந்தா அந்தத் திட்டு எனக்கு விழுந்திருக்கும். ஊட்டுற கை நின்னிருக்குமோன்னு பயமா இருந்துச்சு."

தம்பி, நான் அவரை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. பட்டறைக்குப் போய், அன்றைக்கு முழுவதும் கைரம்பத்தால் அறுத்தேன். பத்தொன்பது கால். எதுவும் ஒரே நீளத்தில் இல்லை, எல்லாவற்றையும் விறகில் போட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஒரு வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருக்கிறோம். சோறு வைக்கிறேன். இப்போது அவரே இடது கையால் சாப்பிட்டுக்கொள்கிறார்.

சீலை நீ சரியாகத்தான் போட்டிருந்தாய்.

அக்கா

*

செப்டம்பர் 5

அக்காவுக்கு,

படித்தேன். சாமான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று படித்தேன். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒருத்தன் இன்னொருத்தனுக்கு ஆப்பு வைத்தான் என்று பேச்சுக்குச் சொல்வோமே, எனக்கு நிஜமாகவே மரத்தில் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார் அத்தான். இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தேன், சிரிப்பும் வரவில்லை.

மூன்று வருஷம், அக்கா. எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டுக்கு நானே போய், "என் கையை நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் வாசல்வரை வந்து, "நான் கேட்டேனா?" என்றாள். நான் தெருவில் இறங்கி நடந்துவிட்டேன். அதைக்கூட உன்னிடம் சொல்ல முடியவில்லை.

அத்தான்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அதை முழுசாகப் பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. யோசித்துப் பார். அதற்கு முந்தின சீல் ஏன் ஒழுகியது? முளையால்தான். நல்ல மெக்கானிக்காக இருந்தால், போட்டு நாலே மாதமான சீல் ஏன் போச்சு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் பிரீதரைப் பார்த்திருப்பேன், முளை கையில் வந்திருக்கும். நான் கேட்கவில்லை. ஒழுகுகிறதா, மாற்று, பஸ்ஸைப் பிடி. சீல் நேராகத்தான் இருந்தது. நான்தான் அவசரத்தில் இருந்தேன். இதை ஃபோர்மேனிடம் சொன்னேன். "இப்பத்தாண்டா நீ மெக்கானிக் மாதிரிப் பேசுறே" என்றார்.

புது சீலைப் போடு. குழாயைத் திறந்து வை, புகை கதவில் படாமல் நீளமான குழாய் மாட்டி வெளியே விடு. எஞ்சின் ஓடும்போது எக்காரணம் கொண்டும் பெல்ட்டில் கை வைக்காதே.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

தம்பி

*

செப்டம்பர் 15

தம்பிக்கு,

சீலைப் போட்டுவிட்டேன். குழாய்த் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றி, நாற்பது தட்டுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. புதுக் குழாயைச் சுவர்த் துளை வழியாக வெளியே விட்டிருக்கிறேன். மூன்று மணி நேரம் ஓட்டினேன். புல்லிக்குப் பின்னால் வெள்ளைத் துணியை வைத்துப் பார்த்தேன், சொட்டு இல்லை. முக்காலி முப்பத்தொன்று முடிந்துவிட்டது.

எஞ்சின் சத்தம் கேட்டதும் அத்தான் பட்டறை வாசல்வரை வந்தார். சத்தத்தைக் கேட்டு அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஆனால் போகவில்லை, நின்றார். நான் நிறுத்திய பிறகு, "அவனுக்கு நான் எழுத முடியாது" என்றார். இடது கையில் எழுத வராது என்கிறாரோ என்று நினைத்தேன். "எழுதுற விஷயம் இல்ல இது. மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

நாளைக் காலைப் பஸ்ஸில் கிளம்புகிறார். நான் வரவா என்றேன், வேண்டாம் என்றார். அவர் அங்கே வரும்போது இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்திருக்குமோ, இல்லையோ. உனக்குப் பார்க்க விருப்பமில்லையென்றால் வாசலில் சொல்லி அனுப்பிவிடு. அவர் தப்பாக நினைக்கமாட்டார், நினைக்கிற இடத்தில் அவர் இல்லை.

சட்டைக்குப் பொத்தான் போட அவருக்குக் கொஞ்சம் நேரமாகும். அவசரப்படுத்தாதே.

அக்கா

*

செப்டம்பர் 24

அக்காவுக்கு,

அத்தான் வந்தார். நீ எழுதிய கடிதம் அவருக்குப் பின்னால் இரண்டு நாள் கழித்து வந்தது.

காலை பத்து மணிக்குக் காவலாளி வந்து, "உங்களைத் தேடி ஒருத்தர் வந்திருக்காரு, வலது கையைச் சட்டைப் பையிலேருந்து எடுக்கமாட்டேங்கிறாரு" என்றார். ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். பார்த்தேன். போகவில்லை. சாமான் கொடுத்தேன், எண் பார்த்தேன், மறுபடி ஜன்னலுக்கு வந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். காவலாளி நாற்காலி கொடுத்தார், உட்காரவில்லை. வெயில் ஏறியது. நாலு மணி நேரம் அவரை நிற்க வைத்தேன், அக்கா. தெரிந்தேதான் செய்தேன்.

இரண்டு மணிக்குப் போனேன். அவர், "தம்பி" என்று ஆரம்பித்தார். நான், "இங்க வேணாம்" என்றேன். "நான் இங்க வந்த முதல் நாளே பட்டறை முழுக்கச் சொல்லியிருக்கேன், அத்தானோட கை என்னாலதான் போச்சுன்னு. உங்களுக்கு என்கிட்டச் சொல்லணும்னா அவங்க கேக்கச் சொல்லுங்க."

சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் தலையாட்டினார். டீ நேரத்தில் உள்ளே கூட்டிப் போனேன். பதினொரு பேர், கையில் டம்ளரோடு. அத்தான் கையைப் பையிலிருந்து எடுத்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "இந்தக் கை போனதுக்குக் காரணம் நான் வெச்ச ஒரு முளை. இவன் இல்ல. எனக்கு அது தெரிஞ்சும் மூணு வருஷம் இவனைச் சுமக்க விட்டேன்." குரல் உடையவில்லை.

அவர் சட்டை முழுக்க வேர்வை. நான் நிற்க வைத்த வேர்வை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை இரண்டு விரலுக்கு இடையில் அவர் பிடித்ததைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். ராத்தங்கல் வேண்டாம் என்று சாயங்காலப் பஸ்ஸுக்கே போய்விட்டார். மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் ஃபோர்மேன் ஒரு தண்ணீர் பம்பு எஞ்சினை என் முன்னால் தூக்கி வைத்து, ஸ்பேனரை அதன்மேல் போட்டுவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் தொடாமல் நின்றேன். பிறகு முதலில் பிரீதரைக் கழற்றினேன்.

ஊருக்கு எப்போது வருவாய் என்று அத்தான் கேட்டார், தெரியாது என்றேன். இப்போது உனக்குச் சொல்கிறேன். அத்தான்மேல் இருந்த கோபம் கொஞ்சம் கரைகிறது. உன்மேல் இருப்பது கரையவில்லை. அவர் பயத்தில் பேசாமல் இருந்தார். நீ பேசினாய். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பேசினாய். இந்த நாலு மாதத்தில் எஞ்சினைப் பற்றி எழுதினாய், முக்காலியைப் பற்றி எழுதினாய், சீலை நான் சரியாகப் போட்டேன் என்றுகூட எழுதினாய். அத்தான் இவ்வளவு தூரம் வந்து, பதினொரு பேர் முன்னால் சொன்னார்.

நீ இன்னும் சொல்லவில்லை, அக்கா.

தம்பி

*

அக்டோபர் 2

தம்பிக்கு,

நாற்பது முக்காலியும் போன வாரம் போய்ச் சேர்ந்தது. அதை எழுதுவதுபோல் ஆரம்பித்து, வேறு எங்கோ போய், முடித்துவிடலாம் என்று இந்தத் தடவையும் பார்த்தேன். உன் கடைசி வரி விடவில்லை.

அன்றைக்கு அந்த வராந்தாவில் உன் சட்டை முழுக்க ரத்தம். ஊரில் கட்டு மட்டும் போட்டு வைத்திருந்தவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்ததே நீதான். தகவல் கேட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்திருந்தாய், வேர்த்துக்கொட்டிக்கொண்டு, "அக்கா, டாக்டர் என்ன சொன்னாரு" என்று கேட்டாய். நான் சொன்னது பதில் இல்லை. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டியிருந்தது. நீ பக்கத்தில் நின்றாய். நீ திருப்பி அடிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால் உன்னை அடித்தேன். பிறகு அந்தப் பேச்சு உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவசியமாகிவிட்டது. இல்லையென்றால் நான் என்ன மனுஷி? அதனால்தான் சீல் நேராக இருந்ததைப் பார்த்த அன்றைக்குக்கூட, கோணலாகத் தட்டினாயா என்று கேட்டேன்.

நான் சொன்னது தப்பு. உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு, மூன்று வருஷம் அதைத் திரும்பப் பெறாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. அத்தானின் பயத்தையாவது புரிந்துகொள்ளலாம். எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

இது காகிதத்தில். இது போதாது என்று தெரியும். அவரை அனுப்பிவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருந்தேன், அதுவும் சரியில்லை. இரண்டு வாரம் கழித்து, வியாழக்கிழமைக் காலைப் பஸ்ஸில் வருகிறேன், தனியாக. பட்டறை கேட்டில் நிற்பேன். நீ ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள். உடனே வந்துவிடாதே, வர வேண்டும் என்று தோன்றும்போது வா.

சாயங்காலம் ஆனாலும் நிற்பேன்.

அக்கா